அலாரம் அடிக்காத இரவுகள்: ஆளில்லாத சர்வர் அறைகள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

சிறிய அலுவலகங்களின் சர்வர் அறைகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் சொல்கின்றன. வெப்பம், ஈரப்பதம், நீர்க்கசிவு, மின்தடை ஆகியவற்றைக் கவனித்துச் சொல்வதற்காக வைத்த கருவியே, வேண்டிய நேரத்தில் கைவிட்டுவிட்டது என்பதே அந்தக் குறை. அவற்றிலிருந்து சில கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: எங்கள் கிளை அலுவலகத்தில் மாடிப்படிக்கு அருகிலுள்ள சிறிய அறையில் இரண்டு சர்வர்களும் ஒரு யு.பி.எஸ்.ஸும் உள்ளன. வார இறுதியில் அங்கே யாரும் இருப்பதில்லை. சென்ற கோடையில் ஒரு சனிக்கிழமை இரவு ஏ.சி. நின்றுபோயிருக்கிறது. திங்கள் காலை கதவைத் திறந்தபோது அனல் முகத்தில் அடித்தது. ஒரு சர்வரின் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் பழுதாகிவிட்டன. ஆனால், வெப்பநிலைக் கருவியின் இணையப் பக்கம் அப்போதும் 24.5 டிகிரி என்றே காட்டிக்கொண்டிருந்தது. இது எப்படி நடக்கும்? – ஈரோட்டு வாசகர்

பதில்: நீங்கள் பார்த்தது அறையின் வெப்பநிலை அன்று; கருவி கடைசியாக வெற்றிகரமாகப் படித்த எண். இவ்வகைக் கருவிகள் பலவற்றில், சென்சாரைப் படிக்கும் நிரலும் இணையப் பக்கத்தைக் காட்டும் நிரலும் தனித்தனியே இயங்குகின்றன. சென்சாரின் கம்பி தளர்ந்தாலோ, படிக்கும் நிரல் எங்கேனும் சிக்கி நின்றாலோ, பக்கத்தைக் காட்டும் நிரலுக்கு அது தெரிவதில்லை. நினைவில் உள்ள பழைய எண்ணையே பச்சை எழுத்தில் தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்கும். எச்சரிக்கை அனுப்பும் பகுதியும் அதே பழைய எண்ணைத்தான் 30 டிகிரி என்ற எல்லையோடு ஒப்பிடுகிறது. ஆகவே அதன் கணக்கில் எல்லாம் சரியாகவே இருந்திருக்கிறது.

அந்த வார இறுதியின் வரைபடம் பதிவாகியிருந்தால் எடுத்துப் பாருங்கள். ஏ.சி.யின் கம்ப்ரசர் ஓடி நின்று, மீண்டும் ஓடி நிற்கும் அறையில் வெப்பநிலைக் கோடு ரம்பப் பல்லைப் போல ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பத்தில் ஒரு டிகிரியைக் காட்டும் சென்சார் ஒரு மணி நேரம் முழுவதும் அசையாமல் நிற்பது அரிது. உங்கள் வரைபடத்தில் எந்த நேரத்திலிருந்து கோடு நேராகிறதோ, அந்த நேரத்தில்தான் உங்கள் கருவி செயலிழந்தது. அது ஏ.சி. நிற்பதற்கு முந்தைய நாளாகவோ, முந்தைய மாதமாகவோகூட இருக்கலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

கண்காணிப்புக் கருவி ஓசையில்லாமல் செயலிழப்பது எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்குப் பெரிய சான்று ஒன்று உண்டு. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியிலும் கனடாவின் ஒண்டாரியோவிலும் சுமார் 5 கோடிப் பேர் மின்சாரமின்றித் தவித்தனர். அன்று பிற்பகல் 2.14 மணிக்கு, ஒஹாயோ மாநிலத்தின் ஃபர்ஸ்ட்எனர்ஜி நிறுவனக் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மென்பொருள் ஒரு நிரல் பிழையால் நின்றுபோனது. திரைகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் புதிய எச்சரிக்கை எதுவும் வரவில்லை. மின்தடங்கள் மரக்கிளைகளில் உரசி ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோதும், எச்சரிக்கை வராததால் நிலைமை சீராக இருப்பதாகவே பணியாளர்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நம்பியிருந்தார்கள். ஆட்கள் அமர்ந்திருந்த அறையிலேயே இது நடந்தது என்றால், பூட்டிய அறையில் நடப்பதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே செய்ய வேண்டியவை இவை. ஒவ்வோர் அளவோடும் அது எடுக்கப்பட்ட நேரம் சேர்ந்தே இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் பழையதான அளவைத் திரையில் காட்டவே கூடாது, அந்த இடம் வெறுமையாகி எச்சரிக்கை எழ வேண்டும். அடுத்து, கருவி கெட்ட செய்தியை மட்டும் சொல்வதாக இல்லாமல், சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று கட்டடத்துக்கு வெளியே உள்ள ஒரு சர்வருக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இதைத் துறையினர் ஹார்ட்பீட் என்பார்கள். அது வராமல் போனால் உங்களை எழுப்புவது அந்த வெளி சர்வரின் பொறுப்பு. ஸாபிக்ஸ் போன்ற இலவச மென்பொருள்களிலேயே, குறித்த நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் எச்சரிக்கும் வசதி உண்டு. கண்காணிக்கும் சர்வரையும் அதே அறைக்குள் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர். அறையோடு சேர்ந்து அதுவும் போய்விடும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அளப்பது என்பதையும் கணக்கிட்டே முடிவு செய்யுங்கள். 30 கன மீட்டர் காற்று கொண்ட அறையில் 3 கிலோவாட் சுமையுள்ள கருவிகள் ஓடினால், குளிரூட்டல் நின்ற கணத்திலிருந்து காற்று மட்டும் சூடாவதாகக் கொண்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 டிகிரி ஏறும். சுவரும் இரும்பு ரேக்கும் வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் உண்மையில் அத்தனை வேகம் இராது. ஆயினும் கால் மணிக்கு ஒருமுறை அளந்து, மூன்று அளவுகளின் சராசரி எல்லையைத் தாண்டினால்தான் செய்தி அனுப்புவது என்னும் ஏற்பாடு, சிறிய அறைக்கு நிச்சயமாகப் போதாது.

கேள்வி: எங்கள் மருத்துவமனை சர்வர் அறையின் கருவி சரியாகவே அளக்கிறது, அதன் பதிவேட்டில் 'எச்சரிக்கை அனுப்பப்பட்டது' என்றும் உள்ளது. எங்களுக்கோ மின்னஞ்சலும் வரவில்லை, குறுஞ்செய்தியும் வரவில்லை. – சேலம் வாசகர்

பதில்: அனுப்பப்பட்டது என்பதற்கும் சேர்ந்தது என்பதற்கும் நடுவே பல கண்ணிகள் உள்ளன, ஒவ்வொன்றும் தனித்தனியே அறுந்துபோகக் கூடியது.

முதலில் மின்னஞ்சல். பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டை மட்டும் கொண்டு ஜிமெயில் வழியே அஞ்சல் அனுப்பும் பழைய முறையைக் கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்தத் தொடங்கியது. அதற்கு முன் நிறுவப்பட்டு, பிறகு யாரும் தொடாத கருவிகள் பலவும் அத்துடன் அஞ்சல் அனுப்புவதை நிறுத்திவிட்டன. இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, செயலிக்கென்று தனிக் கடவுச்சொல் பெற்றுக் கருவியில் இட வேண்டும். பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாவது இன்னொரு காரணம். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாக வழங்கும் சான்றிதழ்கள் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது, மென்பொருள் புதுப்பிக்கப்படாத கருவிகள் பல, நல்ல நிலையில் இருந்த சர்வர்களோடும் பேச மறுத்தன. கருவியில் எந்தக் கோளாறும் இல்லை; அதைச் சுற்றியுள்ள உலகம்தான் மாறிவிட்டது. வாங்கி மாட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

அடுத்தது குறுஞ்செய்தி. இணையவழிக் குறுஞ்செய்திச் சேவையைப் பயன்படுத்தினால், 2018ஆம் ஆண்டின் டிராய் (இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிமுறைகளின்படி அனுப்புநர் பெயரும் செய்தியின் வார்ப்பும் (டெம்ப்ளேட்) முன்பே பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவான வார்ப்பிலிருந்து செய்தியின் வாசகம் விலகினால் தொலைபேசி நிறுவனமே தடுத்துவிடும். உங்கள் கருவியோ சேவையிடம் ஒப்படைத்ததையே வெற்றி என்று எழுதிக்கொள்ளும். கருவிக்குள்ளேயே சிம் கார்டு இருந்தால், அது ப்ரீபெய்டா, ரீசார்ஜ் யார் பொறுப்பு என்று விசாரியுங்கள். பொறுப்பாளர் மாறுதலாகிப் போனதும் ரீசார்ஜும் நின்றுபோவது வழக்கமாகக் காணும் நிலை.

நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் நெறிமுறையான எஸ்.என்.எம்.பி.யின் 'டிராப்' என்ற செய்தி வழியே எச்சரிக்கை அனுப்பும் கருவியானால், அது ஏற்புச் செய்தியை எதிர்பார்க்காத யு.டி.பி. முறையில் செல்வது என்பதை நினைவில் வையுங்கள். வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான். மறுமொழி வரும்வரை மீண்டும் அனுப்பும் 'இன்ஃபார்ம்' வகை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் வெளியிலிருந்து நீங்களே நிமிடந்தோறும் கருவியைக் கேளுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மின்சாரத்தின் வழியைப் பாருங்கள். கருவி, நெட்வொர்க் ஸ்விட்ச், இணைய மோடம் மூன்றும் ஒரே யு.பி.எஸ்.ஸில் தொங்கினால், 'யு.பி.எஸ். நின்றுவிட்டது' என்ற செய்தி ஒருநாளும் வெளியே வராது. நோயாளிகளின் பதிவேடுகள் உள்ள அறைக்கு, தனி பேட்டரியோடும் தனி மொபைல் இணைப்போடும் இரண்டாவது வழி ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

கேள்வி: ஏ.சி.யின் ரிமோட்டைப் போலச் சிக்னல் அனுப்பும் கருவியைப் பொருத்தியிருக்கிறோம். மின்தடைக்குப் பின் அதுவே ஏ.சி.யை இயக்கி, என் கைபேசிக்கு 'ஏ.சி. ஆன்' என்று செய்தி அனுப்புகிறது. இருமுறை, செய்தி வந்தும் ஏ.சி. ஓடவில்லை. – திருநெல்வேலி வாசகர்

பதில்: அந்தச் செய்தி தெரிவிப்பது, ஏ.சி.க்குக் கட்டளை அனுப்பப்பட்டது என்பதை மட்டுமே. அகச்சிவப்புச் சிக்னலுக்கு ஏ.சி. பதில் சொல்வதில்லை. நடுவே ஓர் அட்டைப் பெட்டி மறைத்திருக்கலாம், ஸ்டெபிலைசர் மின்சாரத்தை இன்னும் விடாமல் இருந்திருக்கலாம், ஏ.சி. இயங்கியும் கம்ப்ரசர் ஓடாமல் காற்று மட்டும் வந்திருக்கலாம்.

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் நடந்த விபத்தில் இதே குறைபாட்டுக்கு முக்கியப் பங்கு இருந்தது. அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டுப் பலகையில் இருந்த விளக்கோ வால்வின் நிலையைக் காட்டவில்லை. அதை மூடுவதற்கான மின் கட்டளை போய்விட்டதைத்தான் காட்டியது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வால்வு மூடியிருப்பதாகவே பணியாளர்கள் நம்பினார்கள்.

ஏ.சி.க்குச் செல்லும் மின்கம்பியைச் சுற்றி மின்னோட்டத்தை அளக்கும் வளையச் சென்சார் ஒன்றைப் பொருத்துங்கள். கம்ப்ரசர் ஓடுவது அதில் தெளிவாகத் தெரியும். ஏ.சி.யின் குளிர்காற்று வெளிவரும் வாயில் ஒரு வெப்பநிலைச் சென்சாரும், காற்றை உள்ளிழுக்கும் பக்கத்தில் ஒன்றும் வைத்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிப்பது இன்னும் நல்லது. நன்றாகக் குளிரூட்டும் ஏ.சி.யில் இந்த வேறுபாடு சுமார் 8 முதல் 12 டிகிரி இருக்கும். சில வாரங்களாக அது மெல்லக் குறைந்துகொண்டே வந்தால், ஃபில்டரில் தூசியோ கேஸ் குறைவோ என்று, ஏ.சி. நிற்பதற்கு முன்பே மெக்கானிக்கை அழைக்கலாம். மின்சாரம் திரும்பியதும் தானாகவே இயங்கும் வசதி உள்ள ஏ.சி.யாக மாற்ற முடியுமானால், அதையே முதலில் செய்யுங்கள்.

கேள்வி: கடற்கரை ஊர் என்பதாலோ என்னவோ, எங்கள் அறையின் ஈரப்பத எச்சரிக்கை தினமும் வருகிறது. நீர்க்கசிவு எச்சரிக்கையும் வாரம் சில முறை வருகிறது. போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை. இப்போது யாரும் அந்தச் செய்திகளைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. – தூத்துக்குடி வாசகர்

பதில்: நீங்கள் கடைசியாகச் சொன்னதுதான் மிகவும் கவலை தருகிறது. பார்க்கப்படாத எச்சரிக்கையும் வராத எச்சரிக்கையும் பயனில் ஒன்றே.

ஈரப்பதத்தை அளக்கும் மலிவான சென்சார்களில் பெரும்பாலானவை, காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சும் மெல்லிய பாலிமர் படலத்தைக் கொண்டவை. தூசி, உப்புக்காற்று, புதிய பெயின்ட்டின் ஆவி, துப்புரவுத் திரவங்களின் ஆவி ஆகியவை அந்தப் படலத்தில் படியப் படிய, அது காட்டும் எண் உண்மையிலிருந்து விலகிக்கொண்டே போகும். உங்கள் சென்சார் விலகியிருக்கிறதா என்பதைச் சமையலறை உப்பைக் கொண்டே சோதிக்கலாம். ஒரு சிறிய மூடியில் உப்பை இட்டு, சில துளி காய்ச்சி வடித்த நீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் குழைத்து, சென்சாரோடு காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு முழுவதும் மூடி வையுங்கள். ஈர உப்பு சென்சாரில் படக் கூடாது. காலையில் அது 75 சதவீதத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். அறை 20 டிகிரியில் இருந்தாலும் 30 டிகிரியில் இருந்தாலும் இந்த அளவு பெரிதாக மாறாது. 85 என்று காட்டினால், கோளாறு அறையில் இல்லை, சென்சாரை மாற்றிவிடுங்கள்.

நீர்க்கசிவுக்கு வைக்கும் கயிறு போன்ற சென்சாரில் இரண்டு கம்பிகள் இணையாக ஓடுகின்றன. நீர் அவற்றை இணைத்தால் மின்சாரம் பாயும், கருவி எச்சரிக்கும். தூசி படிந்த கயிற்றில், ஈரக் காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். தரையைத் துடைக்கும் நாளிலும் எச்சரிக்கை வரும். துடைப்பவர் வந்து போன நாட்களோடு உங்கள் எச்சரிக்கை நேரங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தினால், கயிற்றை நடைபாதையிலிருந்து விலக்கி, ஏ.சி.யின் வடிகுழாய்க்கு நேர் கீழே சுவரோரமாக அமையுங்கள். சிறிய அறைகளில் தண்ணீர் பெரும்பாலும் பாசி பிடித்து அடைபட்ட அந்த வடிகுழாயிலிருந்துதான் வருகிறது. தொந்தரவு தாங்காமல் யாரோ கயிற்றைக் கழற்றி வைத்துவிட்டு மறந்துபோவதும் உண்டு. ஆகையால், கயிறு கழன்றாலோ அறுந்தாலோ அதையும் ஒரு பழுதாக அறிவிக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். கதவில் வைக்கும் காந்தச் சென்சாருக்கும் இதே விதிதான்: கதவு மூடியிருக்கும்போது சுற்று இணைந்திருக்க வேண்டும், அப்போதுதான் கம்பி அறுந்ததும் திறந்த கதவாகவே தெரியும்.

எல்லைகளையும் சரிசெய்யுங்கள். சர்வரின் முன்பக்கம் நுழையும் காற்றுக்கு ஆஷ்ரே என்ற அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் அமைப்பு பரிந்துரைப்பது 18 முதல் 27 டிகிரி. இந்த எண்ணை ஏ.சி.யின் எதிரிலோ சர்வரின் பின்பக்க அனலிலோ தொங்கும் சென்சாரோடு ஒப்பிட்டால் எந்தப் பொருளும் இல்லை. அது ரேக்கின் முன்பக்கம், மேல்தட்டின் உயரத்தில் இருக்கட்டும். 28 டிகிரியில் மூன்று நிமிடம் தொடர்ந்து நின்றால் எச்சரிக்கை, 26க்கு இறங்கினால்தான் விடுவிப்பு என்று இடைவெளி விட்டு அமைத்தால், எல்லைக் கோட்டில் ஏறி இறங்கி வரும் செய்திமழை நின்றுவிடும்.

கேள்வி: எங்கள் பாலிடெக்னிக் மாணவர்கள் ஆர்டுவினோ என்ற சிறு மின்னணுப் பலகையும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியும் கொண்டு கல்லூரி சர்வர் அறைக்கு ஒரு கருவி செய்திருக்கிறார்கள். சில வாரங்கள் நன்றாக ஓடி, பிறகு நின்றுவிடுகிறது. – மதுரை வாசகர், ஆசிரியர்

பதில்: மாணவர்களுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். அந்த 'சில வாரங்கள்' ஏழு வாரத்தை ஒட்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆர்டுவினோ, இயங்கத் தொடங்கியதிலிருந்து கடந்த மில்லி விநாடிகளை 32 பிட் எண்ணாக எண்ணுகிறது, 49.7 நாளில் அது நிரம்பி மீண்டும் சுழியத்துக்கு வந்துவிடும். 'அடுத்த அளவீட்டு நேரம்' என்று ஓர் எதிர்கால எண்ணைக் குறித்துவைத்து, அது வரக் காத்திருக்கும் நிரல் அப்போது தடுமாறும். இப்போதைய எண்ணிலிருந்து முந்தைய எண்ணைக் கழித்து, கடந்த நேரத்தைப் பார்க்கும் நிரலுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. விலை உயர்ந்த கருவிகளிலும் இதன் உறவினர் உண்டு: நூறில் ஒரு விநாடியாக எண்ணும் எஸ்.என்.எம்.பி. இயக்க நேரம் 497 நாளில் சுழியமாகி, நிற்காத கருவியையும் நின்று எழுந்ததாகக் காட்டும்.

ராஸ்பெர்ரி பையில் பெரும்பாலும் முதலில் போவது மெமரி கார்டுதான். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பமைப்பு சிதைந்துவிடும். கார்டை வாசிக்க மட்டும் அனுமதித்து, பதிவுகளை வெளி சர்வருக்கு அனுப்பிவிடுங்கள். நிரல் உறைந்தால் தானே மறுதொடக்கம் செய்யும் வாட்ச்டாக் சுற்று ராஸ்பெர்ரி பையிலேயே உள்ளது, அதை இயக்குங்கள். ஆனால், சென்சாரிலிருந்து புதிய அளவு வந்த பிறகுதான் வாட்ச்டாகுக்குச் சிக்னல் போக வேண்டும். அதற்கென்று ஒரு தனி நிரலை ஓடவிட்டால், சென்சார் நின்ற பிறகும் அந்த நிரல் 'நலம்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

டி.எச்.டி. 11 சென்சாரின் வெப்பநிலைத் துல்லியம் 2 டிகிரி கூடவோ குறையவோ இருக்கும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். பயிற்சிக்கு அது போதும், காவலுக்குப் போதாது. டி.எஸ். 18பி20 என்ற சென்சார் வெப்பநிலைக்கு நல்லது, போலிகள் மலிந்திருப்பதால் நம்பகமான கடையில் வாங்குங்கள். அது மின்சாரம் பெற்றதும் முதலில் வைத்திருக்கும் எண் 85 டிகிரி. அளந்து முடிக்கும் முன் படித்தாலோ மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தாலோ அந்த 85 உண்மை அளவைப் போலவே வந்து நிற்கும். கம்பி கழன்றால், அதைப் படிக்கும் ஆர்டுவினோவின் ஆயத்த நிரல் தொகுப்பு (லைப்ரரி) கழித்தல் 127 என்று தரும். இந்த இரண்டு எண்களும் சராசரியில் கலந்துவிடாதபடி வடிகட்டி, அவற்றைச் சென்சார் பழுதாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: வெப்பம் எல்லை மீறினால் சர்வர்கள் தாமாகவே அணைந்துவிடும்படி செய்யலாமா? – யாழ்ப்பாண வாசகர்

பதில்: ஆளில்லாத அறைக்கு அது தேவையானதே. ஆனால் ஒரே சென்சாரின் சொல்லை நம்பிச் செய்யாதீர்கள். மேலே சொன்ன பொய்யான 85 ஒன்று போதும், வேலை நாளின் நடுவே எல்லாம் அணைந்துபோகும். இன்றைய சர்வர்கள் பெரும்பாலானவற்றில் உள்ளே நுழையும் காற்றின் வெப்பநிலையை அளக்கும் சென்சார் ஏற்கெனவே உள்ளது, சர்வரின் வன்பொருளைத் தொலைவிலிருந்து கவனிக்க உதவும் ஐ.பி.எம்.ஐ. வழியே அதைப் படிக்கலாம். உங்கள் கருவியும் இரண்டு சர்வர்களும் சேர்ந்தால் மூன்று சாட்சிகள். மூன்றில் இரண்டு ஒத்துச் சொன்னால் அணைக்கலாம். ஒன்று மட்டும் விலகிச் சொன்னால், அணைக்காமல் அந்தச் சென்சாரைப் பார்க்க ஆளை அனுப்பலாம். இந்த ஏற்பாட்டை மாதம் ஒருமுறை, ஹேர் டிரையரைச் சென்சாருக்கு முன் பிடித்து, செய்தி உரியவரின் கைபேசிக்குப் போய்ச் சேரும்வரை சோதியுங்கள். சோதிப்பதற்கு முன் அணைக்கும் கட்டளையை மட்டும் தற்காலிகமாக நிறுத்தி வைத்து, முடிந்ததும் மீண்டும் இயக்கிவிட்டதை இன்னொருவர் சரிபார்க்கட்டும்.